முனியாண்டி லஞ்சம் வாங்குவதில்லை

பினாங்கில் எந்தச் சமயச் சொற்பொழிவில் போய் உட்கார்ந்தாலும், பேச்சு முனியாண்டி, மதுரைவீரன், சங்கிலிக் கருப்பன், பெரியாச்சி பக்கம் திரும்பியதும் பேசுகிறவர் குரலை மாற்றிக்கொள்கிறார். அதெல்லாம் உக்கிர தெய்வம், வீட்டில் படம் வைக்கக் கூடாது என்கிறார். அதைக் கும்பிடுவது பக்தியில் சேராது, பயத்தில்தான் சேரும் என்கிறார். ஆடும் கோழியும் சுருட்டும் சாராயமும் வாங்கிக்கொண்டு காரியத்தை முடித்துக் கொடுக்குமாம்; கொடுத்த வாக்கை மறந்தால் குடும்பத்தையே கெடுக்குமாம். தோட்டக்காட்டில் எழுத்தறியாத பாட்டன்மார் கும்பிட்டதைப் படித்த பிள்ளைகள் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்று முடிக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். அவர்களில் பலருடைய குலதெய்வமே அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இந்தக் கருத்தை நான் அடியோடு மறுக்கிறேன். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிற இனத்தார் நடுவில் நம் சமூகம் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற அக்கறையில்தான் பலரும் சொல்கிறார்கள். அக்கறை உண்மையாக இருந்தும் சொல்லப்படுவது பொய்யாக இருக்கலாம். காவல் தெய்வங்களின் குணத்தைப் பற்றி நாம் மேடை போட்டுப் பரப்பி வருவது பொய். அந்தத் தெய்வங்களைக் கும்பிட்டுப் பிள்ளை வளர்த்த நம் ஆயாக்களின் மனத்தைப் பற்றியும் அது பொய்.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஒரே பந்தியில் உட்கார மாட்டாத மூன்று தரப்பார் கைகோத்து நிற்பது தெரியும். முதல் தரப்பு கிறிஸ்தவ ஊழியக்காரர்கள். திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த கால்டுவெல், நாடார் மக்களைப் பற்றி 1849இல் எழுதிய சிறு நூலில் அவர்களுடைய வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தினார். சென்னையில் பிஷப்பாக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி 1916இல் ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். தகவல் நிறைந்த புத்தகம், இன்றைக்கும் பயன்படுகிறது. ஆனால் கோபக்காரத் தெய்வத்தைச் சாந்தப்படுத்துவதுதான் இந்த வழிபாடு என்ற முடிவு அதன் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது தரப்பான சைவச் சீர்திருத்தக்காரர்கள் இதைச் சிறுதெய்வ வழிபாடு என்று ஒதுக்கினார்கள். மூன்றாவது தரப்பு பகுத்தறிவு இயக்கம். பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது முதலில் கால் வைத்தது பினாங்கில்தான். கடவுளுக்கு ஏன் கோபம், ஏன் ஆயுதம், ஏன் சாப்பாடு என்ற கேள்விகளை அந்த இயக்கம் இங்கும் விதைத்தது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். இந்த மூவரும் மற்ற எல்லாவற்றிலும் சண்டைக்காரர்கள், இதில் மட்டும் ஒரே குரல். அதனால்தான் இந்தக் கருத்து யாரும் சோதித்துப் பார்க்காத உண்மையாக நம்மிடம் தங்கிவிட்டது. மூவரும் பூசையைத் தள்ளி நின்று பார்த்தார்கள். கும்பிடுகிறவள் அந்தச் சாமியோடு என்ன பேசுகிறாள் என்று கிட்டப் போய்க் கேட்கவில்லை.

கேட்டால் என்ன தெரியும்? முதலில், அவள் லஞ்சம் கொடுக்கவில்லை என்பது தெரியும். லஞ்சம் காரியத்துக்கு முன்னால் கைமாறும். மேசைக்கு அடியில் கைமாறும். தனக்கு உரிமை இல்லாததைப் பிறர் பங்கிலிருந்து பிடுங்கித் தரச் சொல்லும். நேர்த்திக்கடனில் இவற்றில் எதுவும் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்க வேண்டும், குடிக்கிற புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், துறைமுகத்தில் வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். நடந்தால் செய்கிறேன் என்கிறாள். நடக்காவிட்டால் அவளுக்குக் கடன் இல்லை. சன்னதியில் நின்று “உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா” என்று சண்டை போடும் உரிமையும் அவளுக்கு உண்டு. நடந்த பிறகு, சில நேரம் வருஷங்கள் கழித்து, ஊர் பார்க்கப் படையல் போட்டுக் கடனைத் தீர்க்கிறாள். கேட்டது கைக்கு வந்துவிட்டது. ஏமாற்றலாம், எந்தக் காவல்காரனும் வரப்போவதில்லை. ஆனாலும் தீர்க்கிறாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மனிதருக்கும் வாக்கைக் காப்பாற்றிய தெய்வத்துக்கும் நடுவே நிற்கும் இந்த மரியாதையைப் பேரம் என்று பெயரிட யாருக்கும் உரிமை இல்லை.

தைப்பூசத்தன்று நாம் பார்ப்பதும் இதே வழக்கம்தான். செட்டியார்கள் 1894 முதல் இழுத்து வரும் வெள்ளி ரதம் ஜார்ஜ்டவுன் தெருக்களைக் கடந்து தண்ணீர்மலைக்குப் போகும்போது, வழிநெடுகச் சீனக் குடும்பங்கள் தேங்காயை மலைபோலக் குவித்து உடைக்கின்றன. வேண்டுதல் பலித்தது, உடைக்கிறார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தேங்காய் இப்படி வீணாவதைப் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறது. அது வீணாவதைப் பற்றிய விவாதம், நியாயமான விவாதம். அதை வைத்து யாராவது முருகன் லஞ்சம் வாங்குகிறான் என்று சொன்னதுண்டா? காவடிக்காரனின் வாக்கு விரதமாகிறது, முனியாண்டிக்குக் கிடா நேர்ந்தவனின் வாக்கு மட்டும் பேரமாகிவிடுகிறது. வேறுபாடு வாக்கில் இல்லை. நாம் யாரை மதிக்கிறோம், யாரை மதிக்கவில்லை என்பதில் இருக்கிறது.

அடுத்த குற்றச்சாட்டு, இந்தத் தெய்வங்களுக்கு ஆசை உண்டு என்பது. ஆசை உள்ளது எப்படிக் கடவுளாகும் என்று கேட்கிறார்கள். குவீன் ஸ்திரீட்டில் 1833 முதல் நிற்கும் மாரியம்மனுக்கு அபிஷேகம் உண்டு, அலங்காரம் உண்டு, நைவேத்தியம் உண்டு. பெரிய சிவன் கோயில்களில் சுவாமிக்குப் பள்ளியறை உண்டு, திருப்பள்ளியெழுச்சி உண்டு, ஆண்டுதோறும் கல்யாணமும் உண்டு. இவற்றை உபசாரம் என்கிறோம், மனம் உருகுகிறோம். உருகுவது சரிதான். அப்படியென்றால் தெய்வம் உண்பதும் உடுப்பதும் இங்கே பிரச்சினை இல்லை; இலையில் என்ன இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. சர்க்கரைப் பொங்கல் இருந்தால் அன்பு, கருவாட்டுக் குழம்பு இருந்தால் ஆசை. இந்தத் தராசைப் பிடித்திருப்பது சாதி. கள்ளும் கருவாடும் சுருட்டும் யாருடைய வீட்டுப் பண்டங்களோ அவர்களுடைய தெய்வத்துக்குக் குணம் கெட்டுப்போகிறது.

படையல் போடுகிறவர்களின் எண்ணம் வேறு. வந்திருக்கிற பெரியவருக்குப் பிடித்ததை வைக்கிறார்கள். 1809இல் திருவிதாங்கூர்ச் சண்டையில் காயம்பட்டு இறந்த ஓர் ஆங்கிலப் படை அதிகாரியின் கல்லறையில் திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் பிராந்தியும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டதை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பதிவுகள் விந்தையாகக் குறிப்பிடுகின்றன. எனக்கு அதில் விந்தை ஏதும் தெரியவில்லை. அந்நிய மண்ணில் அகாலமாகச் செத்தவன். அவன் உயிரோடு இருந்தபோது விரும்பியதைக் கொடுத்து அவனைத் தணித்து அனுப்ப நினைத்தார்கள். பகைவன் படைக்காரனுக்கும் செய்த மரியாதை அது. இங்கே பினாங்கில் தெருவோரமும் கடைவாசலும் சிவப்புக் கூண்டுகளில் இருக்கும் டத்தோ கோங்கைப் பாருங்கள். அவர் மலாய்க்காரர், முஸ்லிம் என்பது கும்பிடும் சீனர்களின் நம்பிக்கை. அதனால் தங்கள் சாமிகளுக்கெல்லாம் வைக்கிற பன்றி இறைச்சியை அவர் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள். வெற்றிலை பாக்கும் இலைச்சுருட்டும் வைப்பார்கள். மண்ணுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கென்று ஒரு குணமும் பழக்கமும் இருக்கிறது, அவர் இடத்தில் பிழைக்க வந்த நாம் அதற்கு ஏற்ப நடக்க வேண்டும் என்ற பண்பு அது. இந்தப் பண்பைத்தான் நம் பாட்டிமாரும் முனியாண்டியிடம் காட்டினார்கள். படையல் முடிந்ததும் அந்தச் சோறு யார் வயிற்றுக்குப் போகிறது என்பதையும் குறை சொல்பவர்கள் பார்ப்பதில்லை. சாமிக்குப் பார்வை, சனங்களுக்குப் பந்தி.

கோபத்துக்கு வருகிறேன். இங்கேதான் நாம் பெரிய அநியாயம் செய்கிறோம். மதுரைவீரன் யார்? அரசனின் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் உயர்குலத்து ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறியவன். முத்துப்பட்டன் பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் வீட்டு மாடுகளைக் களவாட வந்தவர்களோடு போராடிச் செத்தவன், நா. வானமாமலை பதிப்பித்த அந்தக் கதையின் நாயகனுக்குப் பாபநாசத்து மலையில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. நல்லதங்காள் பசியாலும் அண்ணியின் கொடுமையாலும் தன் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தவள். இவர்களுக்குக் கோபம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எந்த மனச்சாட்சியோடு எதிர்பார்க்கிறோம்? கொன்றவர்கள் அரசரும் ஊராரும் உறவினரும். கோயில் கட்டிக் கும்பிட்டவர்கள், இந்தச் சாவு அநியாயம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்கள். அந்தத் தெய்வத்தின் கோபம் தீர்ப்புக் கிடைக்காத ஒரு வழக்கின் நினைவு. அதைத் துஷ்டத்தனம் என்பது கொலை செய்தவன் கட்சியில் நின்று பேசுவது.

பெரியாச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் உருவத்தைக் கண்டு வெளியார் மட்டுமன்றி நம் பிள்ளைகளும் முகம் சுளிக்கிறார்கள். மடியில் ஒரு பெண்ணைக் கிடத்திக் குடலை உருவுகிறாள். காலடியில் ஓர் அரசன் கிடக்கிறான். ஒரு கை பச்சைப் பிள்ளையை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறது. சிற்பத்தைப் பார்த்துவிட்டு இது பேய் என்று முடிவுகட்டுவது எளிது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளை பெற்ற தமிழ்த் தாய்மார் முப்பதாம் நாள் கழிந்ததும் குழந்தையை முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு ஓடுவது இவளிடம்தான். கதையில் இவள் மருத்துவச்சி, கொடுங்கோல் அரசனையும் அவன் வழியையும் ஒழித்தவள். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் பிழைப்பது நிச்சயமில்லாத காலத்தில், இரத்தத்தைக் கண்டு பின்வாங்காத ஒருத்திதான் பெண்களுக்கு வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டு தாமரையில் அமர்ந்திருக்கும் தெய்வத்தை அவர்கள் வெறுக்கவில்லை. இடுப்பு வலி வந்தபோது கூப்பிட அவர்களுக்கு இவள் இருந்தாள். அச்சம் தருவது அவள் உருவம். பெண்கள் அவளிடம் பெற்றது தைரியம்.

பயத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். காவல் தெய்வத்துக்கு யாருமே பயப்படவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. யார் பயந்தார்கள் என்று கேட்கிறேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களில் பலர் எதிர்க்கரைக்குப் போனார்கள், இன்று செபராங் பிறை என்கிறோமே அந்த வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு, பின்னால் ரப்பருக்கு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை அதன் பிறகும் நீடித்தது. அந்தத் தோட்டத்தில் சட்டம் துரையின் பக்கம், பேரேடு கிராணியின் பக்கம், கடன் சீட்டு கங்காணியின் பக்கம். கூலிக்காரன் பக்கம் என்ன இருந்தது? லயத்துக்கு அப்பால் ஒரு மரத்தடி, ஒரு சூலம், கையில் அரிவாளோடு ஒரு சாமி. தன் ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் முடிந்து கொண்டுவந்து நட்ட சாமி. தகராறு என்று வந்தால் அந்த மரத்தடிக்குத்தான் கூப்பிடுவார்கள்: சூடத்தை அடித்துச் சத்தியம் பண்ணு. உண்மை சொல்கிறவன் அடித்துவிட்டு வீட்டுக்குப் போவான். பொய் சொல்கிறவனுக்குத்தான் கை நடுங்கும். இந்த நடுக்கத்தைத்தான் ‘பயத்தால் கும்பிடுகிறார்கள்’ என்று மொத்தமாக எல்லார் தலையிலும் ஏற்றிவிட்டோம். ஏழைக்கு அந்த அரிவாள் ஒருநாளும் மிரட்டலாக இருந்ததில்லை. அவனிடம் ஆயுதமே இல்லாத நாட்டில் அவன் பக்கம் நின்ற ஒரே ஆயுதம் அது. பெரியாரின் கேள்விக்கு, கடவுளுக்கு எதற்கு ஆயுதம் என்ற கேள்விக்கு, என் பதில் இதுதான்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. சாமி வந்தது என்று சொல்லி விதவையின் நகையைக் கழற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு முனியாண்டி வாசலில் இரவெல்லாம் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். ஏவல், பில்லி என்று பயமுறுத்திப் பிழைப்பவர்களும் உண்டு. அவர்களைச் சமூகம் தட்டிக்கேட்க வேண்டும், காவல் நிலையம் வரை கொண்டுபோக வேண்டும். ஆனால் இந்த வழிபாட்டுக்குள்ளேயே இதற்குத் தடுப்பு இருந்தது. வந்தது சாமியா, ஆள் நடிப்பா என்று ஊர் சோதித்தது. வெறுங்கையில் சூடம் ஏந்தச் சொன்னது, யார் வந்திருக்கிறது, எதற்கு வந்திருக்கிறது என்று மடக்கிக் கேட்டது. சோதிக்கத் தெரிந்த பெரியவர்களைப் பாமரர் என்று நாமே ஓரங்கட்டினோம். அவர்கள் போன இடத்தில்தான் ஏமாற்றுக்காரன் கடை விரித்திருக்கிறான்.

உயிர்ப்பலியைப் பற்றியும் ஒளிக்காமல் பேசலாம். வாடிய பயிருக்கு வாடிய வள்ளலாரின் வழி நின்று ஒருவர் பலியை எதிர்த்தால் அவர் முன் நான் கைகூப்புவேன். அவர் எல்லாக் கொலையையும் எதிர்க்கிறார். ஆனால் தமிழ்நாட்டில் 2003இல் நடந்தது வேறு. 1950ஆம் ஆண்டுப் பலி தடைச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்துக் கோயில் வாசலில் ஆடு வெட்டக் கூடாது என்று ஜெயலலிதா அரசு ஆணையிட்டது. இறைச்சிக் கடையில் வெட்டத் தடை இல்லை. பணம் கொடுத்து வாங்கித் தின்னலாம், சாமிக்குக் காட்டிவிட்டு ஊரோடு பகிர்ந்து தின்னக் கூடாது. எதிர்ப்பு கிளம்பி, 2004இல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. இங்கும் எத்தனையோ கோயில்கள் பலியை நிறுத்திப் பூசணிக்காயும் எலுமிச்சையும் வெட்டுகின்றன. கும்பிடுகிறவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவென்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். தெய்வத்துக்கு அசிங்கமான ஆசை இருந்தது, அதைத் திருத்திவிட்டோம் என்று அறிவிப்பதைத்தான் மறுக்கிறேன்.

ஐரோப்பாவில் நடப்பதைப் பார்த்தால் நம் கையில் இருப்பதன் அருமை விளங்கும். ஐஸ்லாந்து 1000ஆம் ஆண்டையொட்டிக் கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு. அங்கே 1972இல் சிலர் கூடிப் பழைய நோர்ஸ் தெய்வங்களை மீண்டும் வழிபட ஒரு சங்கம் தொடங்கினார்கள். மறு ஆண்டே அரசு அங்கீகரித்தது. அவர்களுக்கு ஓடினும் தோரும் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்ல ஆயா இல்லை, பூசாரி இல்லை. கிறிஸ்தவர்களான பிற்காலத்தார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஏடுகள்தான் இருந்தன. அதனால் இன்றைக்கும் அத்தகைய வழிபாட்டாரிடையே வாதம் நடக்கிறது: தன் வீரர்களையே போரில் கைவிடும் ஓடினை நம்பலாமா, தெய்வங்கள் நண்பர்களா, மூத்தவர்களா, இயற்கையின் உருவகங்களா? நேர்மையான கேள்விகள். ஆயிரம் ஆண்டு இடைவெளியைத் தாண்டி அவர்கள் தேடிக்கொண்டிருப்பது, குறையும் கோபமும் உள்ள தெய்வத்தோடு எப்படி மரியாதையாக உறவாடுவது என்ற பழக்கத்தை. அந்தப் பழக்கம் நம்மிடம் அறுபடாமல் வந்திருக்கிறது. நாம் அதை வெட்கம் என்று நினைத்து மூடிவைக்கிறோம்.

மூடிவைப்பது எப்படி நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டு, வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்து, மரத்தடிக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய இடம் கிடைக்கிறது. குழு அமைகிறது, நன்கொடை திரள்கிறது, கோபுரம் எழுகிறது. மகிழ்ச்சியான செய்திதான். குடமுழுக்கு முடிந்து பார்த்தால் முனியாண்டி சிவனின் அம்சமாகி உள்ளே போயிருக்கிறார், மதுரைவீரன் சுற்றுச்சுவரின் மூலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறார், பூசாரி குடும்பம் வெளியே நிற்கிறது. சிங்கப்பூரில் முனீஸ்வரன் வழிபாட்டை ஆராய்ந்து வினிதா சின்ஹா 2005இல் வெளியிட்ட நூலைப் படிப்பவர்கள் நகரத்து நெருக்கடியில் இந்தத் தெய்வம் எப்படியெல்லாம் மாற்றி அமைக்கப்படுகிறது, எப்படியெல்லாம் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதைக் காணலாம். காலத்துக்கு ஏற்பத் தெய்வம் மாறலாம். மரத்தடியில் இருந்தவர் கூரைக்குக் கீழ் வரலாம், சாராயத்தை விட்டு இளநீருக்கு வரலாம். மாறுகிறபோது அவர் வரலாறு அழியக் கூடாது. இரத்தக்கறை படிந்த வாழ்க்கையிலிருந்து எழுந்தவரை, எந்தக் கறையும் தெரியாத ஒருவராக்கிவிட்டால், நம் பாட்டன்மார் பட்டதும் சேர்ந்து துடைக்கப்பட்டுவிடும்.

பினாங்கிலும் செபராங் பிறையிலும் அடுத்த திருப்பணிக்குத் திட்டம் போடும் குழுவினரிடம் கேட்கிறேன். ஸ்தபதிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கோயிலில் பரம்பரையாகப் பூசை செய்த குடும்பத்தையும், அங்கே நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்ற வயதான பெண்களையும் அழைத்து உட்கார வையுங்கள். இந்தச் சாமி எந்த ஊர், பிடிமண் கொண்டுவந்தது யார், எப்படிச் செத்தவர், என்ன கேட்பார், எதைத் தொட மாட்டார், யாருக்காக வந்து நின்றார் என்று விசாரித்து எழுதுங்கள். எழுதியதைச் சன்னதியின் சுவரில் தமிழில் பொறித்து வையுங்கள். சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகளை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.